முதல் புயல் தடுமாறினால் சீசனே மந்தமாகிவிடுமா?

கேள்வி: நாங்கள் புளோரிடாவில், டாம்பா பக்கம் இருக்கிறோம். ஜூன், ஜூலையில் அட்லாண்டிக்கில் வரும் முதல் புயல்கள் தலைதூக்க முடியாமல் ஓரிரு நாளில் கலைந்துபோனால், அந்த வருடம் ஹரிக்கேன் சீசன் மந்தமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா? அக்கம்பக்கத்தில் பலரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

பதில்:

எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜூன் மாதப் புயல் ஒன்று எவ்வளவு பலமாக இருந்தது, எத்தனை நாள் தாங்கியது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு செப்டம்பரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் புயல் எங்கே உருவானது, எதனால் செத்தது என்ற இரண்டு விவரமும் கையில் இருந்தால், சில வருடங்களில் ஒரு சின்னத் தடயம் கிடைக்கும். உங்கள் அக்கம்பக்கத்தார் பார்ப்பது புயலின் பலத்தை. வானிலை ஆய்வாளர்கள் பார்ப்பது அதன் பிறந்த இடத்தையும் சாவுக்கான காரணத்தையும். டாம்பாவில் வீடு வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நாள்காட்டி. அட்லாண்டிக் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 1991 முதல் 2020 வரையிலான 30 வருடச் சராசரியில், ஒரு சீசனுக்குப் பெயர் வைத்த புயல்கள் 14. அவற்றில் 7 மேலும் பலமடைந்து ஹரிக்கேன் ஆகின்றன. ஹரிக்கேன்களைக் காற்றின் வேகப்படி ஒன்று முதல் ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். அந்த ஏழில் 3, மூன்றாம் வகையையோ அதற்கு மேலேயோ தொடும் பெரிய ஹரிக்கேன். முதல் பெயர் சராசரியாக ஜூன் 20 வாக்கில் வைக்கப்படுகிறது. முதல் ஹரிக்கேன் ஆகஸ்ட் 11 வாக்கில்தான் வரும். முதல் பெரிய ஹரிக்கேனுக்கு செப்டம்பர் 1 ஆகிவிடும். சீசனின் உச்சம் செப்டம்பர் 10. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஜூனில் உலையே கொதிக்கவில்லை. அப்போது எடுத்துப் பார்த்த அரிசி வேகாமல் இருந்தால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஜூன், ஜூலையில் புயல் தடுமாறுவதுதான் இயல்பு. தடுமாறாமல் வளர்ந்தால்தான் செய்தி. ஏன் தடுமாறுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்.

ஒன்று, காற்று முறிவு. விண்ட் ஷியர் என்று டிவியில் சொல்வார்களே, அதுதான். கடலை ஒட்டி வீசும் காற்றும் 12 கி.மீ. உயரத்தில் வீசும் காற்றும் வெவ்வேறு திசையிலோ வேகத்திலோ போனால், புயலின் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஆகிவிடும். காலை வெளிச்சம் வந்ததும் எடுத்த செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். கீழடுக்கு மேகங்கள் மெல்லிய சுருளாகச் சுற்றிக்கொண்டிருப்பது அப்படியே திறந்த வெளியில் தெரியும். இடிமேகங்களின் வெள்ளைக் குவியலோ அதற்கு 100, 150 கி.மீ. கிழக்கே தள்ளிக் கிடக்கும். புயலின் மையத்துக்கு மேலே மழைமேகமே இல்லை என்றால் மையத்தில் அழுத்தம் குறைய வழியில்லை. அது வளராது. அட்லாண்டிக்கில் ஜூன், ஜூலையில் மேலடுக்கில் காற்றழுத்தத் தாழ்வுப் பள்ளங்கள் வடக்கேயிருந்து கரீபியன் வரை இறங்கி நின்று இந்தக் காற்று முறிவைக் கொடுப்பது வழக்கம். ஆகஸ்ட் பின்பாதியில் அவை பலமிழக்கும்.

இரண்டு, சஹாரா தூசி. ஆப்பிரிக்கப் பாலைவனத்திலிருந்து சூடான, வறண்ட, தூசி நிறைந்த காற்றடுக்கு ஒன்று மூன்று நான்கு கி.மீ. தடிமனில் கடல்மேல் மேற்கே நகர்ந்து வரும். மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒரு முறை ஒரு அலை என்று கணக்கு. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை அது உச்சத்தில் இருக்கும். அப்புறம் வேகமாகக் குறையும். இந்த வறண்ட காற்று புயலுக்குள் புகுந்தால் மேகத்துளிகள் ஆவியாகும்; அதனால் காற்று குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கும். எழும்ப வேண்டிய காற்று இறங்கினால் புயலுக்கு மூச்சுத் திணறல்தான்.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது: வேகம். வெப்பமண்டல அட்லாண்டிக்கில் கோடைத் தொடக்கத்தில் வியாபாரக் காற்று, அதாவது கிழக்கிலிருந்து மேற்கே நிலையாக வீசும் காற்று, பலமாக வீசும். அதில் மாட்டிய புயல் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் மேற்கே ஓடும். புயலுக்குள்ளேயே பறந்து அளக்கும் ஹரிக்கேன் ஹன்டர் விமானங்கள் இப்படிப்பட்ட புயலுக்குள் போகும்போது தேடுவது ஒரே ஒரு விஷயத்தை: மையத்துக்குத் தெற்கே மேற்கிலிருந்து வீசும் காற்று இருக்கிறதா? வட அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். வடக்குப் பக்கம் கிழக்குக் காற்றும் தெற்குப் பக்கம் மேற்குக் காற்றும் இருந்தால்தான் சுழற்சி மூடியிருக்கிறது என்று அர்த்தம். புயலே மேற்கு நோக்கி 40 கி.மீ. வேகத்தில் ஓடும்போது, அதன் தெற்குப் பக்கத்துக் காற்று அந்த ஓட்டத்தையும் மீறி எதிர்த்திசையில் வீச வேண்டும். விமானம் கடலுக்குச் சில நூறு மீட்டர் உயரத்தில் தெற்கிலிருந்து வடக்கே குறுக்காகப் போய்ப் பார்க்கும். வழி நெடுக கிழக்குக் காற்று மட்டுமே பதிவானால் கதை முடிந்தது. மழை அப்படியே இருக்கும், மேகமும் மிரட்டலாக இருக்கும், ஆனால் அது புயல் அல்ல, திறந்த அலை: சுழற்சி மூடாத, காற்றோட்டத்தில் நகரும் ஒரு தாழ்வழுத்த அலை. தேசிய ஹரிக்கேன் மையம் அதற்கான அறிக்கையை நிறுத்திவிடும். கிழக்குக் கரீபியனில் இப்படிச் செத்த புயல்கள் எத்தனையோ உண்டு.

சரி, இந்த மூன்றில் எது செப்டம்பர் வரை நீடிக்கும்? உங்கள் கேள்விக்கான உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது. தூசி நாள்காட்டிப்படி போய்விடும். மேலடுக்குப் பள்ளங்கள் பெரும்பாலும் போய்விடும். வியாபாரக் காற்றின் வேகமும் சாதாரண வருடங்களில் தணியும். ஆக, ஜூலைப் புயலைக் கொன்றது பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் காரணம் என்றால், அந்தச் சாவுக்கு முன்னறிவிப்பு மதிப்பு கிடையாது. கொன்றது எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) போல மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் காரணம் என்றால் மதிப்பு உண்டு.

2017-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 19 அன்று பிரெட் என்ற புயல் டிரினிடாட் பக்கம் உருவாகி, மறுநாளே கரீபியனுக்குள் நுழைந்து கலைந்தது. ஜூலை 17 அன்று டான் என்று ஒன்று, கரீபியனின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் சிற்றண்டிலீஸ் தீவுகளுக்குக் கிழக்கே. அதிகபட்சம் மணிக்கு 80 கி.மீ. வேகக் காற்றை எட்டியது, அடுத்த நாள் முடிவதற்குள் இல்லாமல் போனது. இரண்டும் பரிதாபமான புயல்கள். உங்கள் அக்கம்பக்கத்தார் கணக்குப்படி அது மந்தமான வருடமாக இருந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? ஆகஸ்ட் 25 அன்று ஹார்வி டெக்சாஸில் 4-ஆம் வகையாகக் கரையேறியது. செப்டம்பர் 6 அன்று இர்மா மணிக்கு 285 கி.மீ. வேகத்தில் பார்புடாவைத் தரைமட்டமாக்கியது. செப்டம்பர் 18 அன்று மரியா டொமினிக்காவையும், 20 அன்று போர்ட்டோ ரிக்கோவையும் தாக்கியது. போர்ட்டோ ரிக்கோவில் மட்டும் இறப்பு 2,975 என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. டான் கலைந்த அதே சிற்றண்டிலீஸ் தீவுகள் வழியாகத்தான், ஏழு முதல் ஒன்பது வாரம் கழித்து, இர்மாவும் மரியாவும் வந்தன. சீசன் முடியும்போது 17 புயல்கள், 10 ஹரிக்கேன், 6 பெரிய ஹரிக்கேன்.

2020 இன்னும் தெளிவான சாட்சி. அந்த ஜூன் மாதம் வந்த சஹாரா தூசி எவ்வளவு பெரியது என்றால் அதற்கு ‘காட்ஸில்லா’ என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். அட்லாண்டிக்கைக் கடந்து டெக்சாஸ் வானத்தையே மங்கலாக்கியது. ஜூலை 22 அன்று கொன்சாலோ என்ற குட்டிப் புயல் நடு அட்லாண்டிக்கில் எழுந்தது. ஹரிக்கேனாகும் என்று முன்னறிவிப்பு சொன்னது. பார்படோஸில் எச்சரிக்கை கொடுத்தார்கள். வறண்ட காற்று உள்ளே புகுந்து, ஜூலை 25 அன்று டிரினிடாட் அருகே அது முடிந்துபோனது. பார்த்தவர்கள் இந்தத் தூசியில் எதுவும் வளராது என்று நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வருடம் 30 புயல்கள். ஆங்கிலப் பெயர்ப் பட்டியல் தீர்ந்து கிரேக்க எழுத்துகளுக்குப் போக வேண்டியிருந்தது. நவம்பரில்கூட எட்டா, அயோட்டா என்று இரண்டு பெரிய ஹரிக்கேன்கள் இரண்டு வார இடைவெளியில் நிகரகுவாவின் ஏறக்குறைய ஒரே கரையில் ஏறின.

இப்போது மறுபக்கம், ஏனென்றால் அக்கம்பக்கத்தார் சொல்வது பலித்த வருடங்களும் இருக்கின்றன. 2013-இல் ஜூலையில் ஷாண்டால், டோரியன் என்று இரண்டு புயல்கள் வெப்பமண்டல அட்லாண்டிக்கில் உருவாகித் தடுமாறின. ஷாண்டால் அதிவேகமாக ஓடி ஹிஸ்பானியோலாவுக்குத் தெற்கே சுழற்சி திறந்து கலைந்தது. நிபுணர்கள் எல்லோரும் அந்த வருடம் பரபரப்பாக இருக்கும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகம் ஏப்ரலில் 9 ஹரிக்கேன், அதில் 4 பெரியவை என்று கணித்தது. வந்தவை இரண்டே ஹரிக்கேன். பெரியது ஒன்றுகூட இல்லை. முதல் ஹரிக்கேன் ஹம்பெர்ட்டோ, செப்டம்பர் 11 அன்றுதான் அந்த நிலையை எட்டியது. அப்படி என்ன ஆயிற்று? அட்லாண்டிக் வெப்பமண்டலம் முழுவதும் காற்று வறண்டு, மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தது; சீசன் முழுக்க அது மாறவில்லை. ஷாண்டாலையும் டோரியனையும் திணறடித்த அந்தச் சூழல்தான் செப்டம்பரிலும் இருந்தது. ஆக, ஜூலைப் புயல்களின் சாவில் அந்த வருடம் தடயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதே மாதிரி சாவு 2017-இலும் 2020-இலும் நடந்ததே? ஜூலையில் உட்கார்ந்துகொண்டு எது 2013, எது 2017 என்று புயலைப் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது. அதற்குக் கடலையும் காற்றையும்தான் பார்க்க வேண்டும்.

1997 இதற்கு நேர் எதிரான பாடம். அந்த வருடம் ஜூலை முடிவதற்குள் ஐந்து புயல்கள் வந்துவிட்டன. டேனி ஹரிக்கேனாகவே ஆனது. எல்லோரும் பயந்த நேரத்தில் பசிபிக்கில் பலமான எல் நினோ எழுந்து, கரீபியன் மேலே மேற்குக் காற்றைப் பலப்படுத்தி, காற்று முறிவைக் கூட்டிவிட்டது. ஆகஸ்ட் மாதம் முழுக்க அட்லாண்டிக்கில் ஒரு புயல்கூட இல்லை. சுறுசுறுப்பான ஆரம்பம், சப்பென்ற முடிவு.

எங்கே பிறந்தது என்ற கேள்விக்கு வருவோம். ஜூன் மாதப் புயல்களில் பெரும்பாலானவை மெக்ஸிகோ வளைகுடா, மேற்குக் கரீபியன், அமெரிக்காவின் தென்கிழக்குக் கரை ஆகிய இடங்களில் உருவாகும். வடக்கேயிருந்து வந்து தேங்கி நின்ற குளிர்முகத்தின் வாலிலோ, மத்திய அமெரிக்கா மேல் சுற்றும் பெரிய தாழ்வுச் சுழற்சியிலோ அவை பிறக்கின்றன. செப்டம்பரில் வரும் பெரிய ஹரிக்கேன்களின் மூலமே வேறு: ஆப்பிரிக்காவிலிருந்து வருடத்துக்குச் சுமார் 60 தாழ்வழுத்த அலைகள் கிழக்கு அட்லாண்டிக்குக்குள் இறங்குகின்றன, அவற்றில் சில வழியில் வளர்கின்றன. இந்த இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. வளைகுடாவில் ஒரு புயல் ஜூனில் உருவானாலும் சரி, உருவாகாவிட்டாலும் சரி, பலமாக இருந்தாலும் சரி, தடுமாறினாலும் சரி, செப்டம்பரில் ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே உள்ள கேப் வெர்டே தீவுகள் பக்கம் என்ன நடக்கும் என்று அது சொல்லாது.

இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 2015 முதல் 2021 வரை தொடர்ந்து ஏழு வருடம், ஜூன் 1-க்கு முன்பே ஒரு புயலுக்குப் பெயர் வைத்தார்கள். ஏழு சீசன்களும் ஒரே மாதிரி இருந்தனவா? 2015-இல் வெறும் 4 ஹரிக்கேன். 2020-இல் 14. 2019-இல் 6, 2017-இல் 10. முதல் புயல் எந்தத் தேதியில் வந்தது என்பதற்கும் சீசன் எப்படிப் போனது என்பதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆனால் ஜூன், ஜூலையிலேயே சிற்றண்டிலீஸ் தீவுகளுக்குக் கிழக்கே, ஆப்பிரிக்க அலையிலிருந்து ஒரு புயல் உருவானால் கவனிக்க வேண்டும். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிரே 1984-இல் பருவ முன்னறிவிப்பைத் தொடங்கினார். இப்போது பிலிப் கிளாட்ஸ்பாக் அதை நடத்துகிறார். அவர்கள் பல வருடமாகச் சொல்லிவருவது இதுதான்: அந்தப் பகுதியில் கோடைத் தொடக்கத்தில் எதுவும் உருவாகாமல் இருப்பது சாதாரணம், அதிலிருந்து முடிவு எதுவும் எடுக்க வேண்டாம், உருவானால், சீசன் பரபரப்பாக இருக்க வாய்ப்பு கூடுகிறது. காரணம் எளிது. தூசியும் காற்று முறிவும் உச்சத்தில் இருக்கும் மாதத்திலேயே அங்கே ஒரு புயல் தலைதூக்குகிறது என்றால், கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது, காற்று வழக்கத்தைவிடச் சாதகமாக இருக்கிறது என்று பொருள். 2017-இன் பிரெட்டும் டானும், 2020-இன் கொன்சாலோவும் அந்தப் பகுதியில் உருவானவைதான் என்பதைக் கவனியுங்கள். அவை இரண்டு மூன்று நாளில் செத்தன என்பதுதான் ஊருக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் அந்த மாதத்தில் பிறந்தன என்பதுதான் பெரிய விஷயம். என்னைக் கேட்டால், அங்கே ஜூலையில் உருவாகிச் செத்த புயலைப் பார்த்து நிம்மதி அடைவது தலைகீழான வாசிப்பு. 2013 போன்ற விதிவிலக்குகள் இருந்தாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

2023-இல் பிரெட் (2017-இல் வந்ததல்ல, அதே பெயரில் வேறொன்று), சிண்டி என்று இரண்டு புயல்கள் ஜூனிலேயே அந்தப் பகுதியில் எழுந்தன. அப்படி நடந்ததாக முன்பு பதிவே இல்லை. எல் நினோ வந்தும்கூட அந்த வருடம் 20 புயல்கள். 2024-இல் பெரில் தடுமாறவே இல்லை. ஜூலை 1 அன்று 4-ஆம் வகையாக கரியாக்கூ தீவில் ஏறி, மறுநாள் 5-ஆம் வகையானது. இவ்வளவு சீக்கிரம் அந்த நிலையை எட்டிய ஹரிக்கேன் அட்லாண்டிக்கில் வேறில்லை. அதைப் பார்த்துக் கொலராடோ ஸ்டேட் தன் கணிப்பை 25 புயல்கள் என்று உயர்த்தியது. வந்தவை 18. நடுவில், ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 8 வரை, உச்சப் பருவத்திலேயே ஒரு புது புயல்கூட உருவாகவில்லை. சீசன் புஸ்ஸாகிவிட்டது என்று அப்போது எத்தனை பேர் சொன்னார்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். செப்டம்பர் 26 அன்று ஹெலீன் வந்தது, உங்கள் டாம்பா விரிகுடாவின் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியது. அக்டோபர் 9 அன்று மில்ட்டன் சியெஸ்டா கீ பக்கம் கரையேறியது. ஜூனை வைத்து செப்டம்பரைச் சொல்வது இருக்கட்டும், செப்டம்பர் முதல் வாரத்தை வைத்துக் கடைசி வாரத்தையே சொல்ல முடியவில்லை.

2025-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். ஜூன் 24 அன்று நடு அட்லாண்டிக்கில் ஆண்ட்ரியாவுக்குப் பெயர் வைத்தார்கள்; அன்று இரவே அது முடிந்தது. இதைவிடத் தடுமாறிய முதல் புயலைக் காட்டுவது கஷ்டம். அந்த சீசனில் மொத்தம் 5 ஹரிக்கேன்தான், சராசரியைவிடக் குறைவு. அமெரிக்காவில் ஒரு ஹரிக்கேன்கூடக் கரையேறவில்லை. அக்கம்பக்கத்தார் சொன்னது சரி என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் அந்த ஐந்தில் மூன்று 5-ஆம் வகையைத் தொட்டன. ஒரே சீசனில் அதற்கு மேல் வந்தது 2005-இல் மட்டும்தான். மூன்றில் ஒன்றான மெலிஸா, அக்டோபர் 28 அன்று மணிக்கு 290 கி.மீ.-க்கும் அதிகமான காற்றோடு ஜமைக்காவில் ஏறியது. ஜமைக்காக்காரரிடம் போய் அது மந்தமான சீசன் என்று யாரால் சொல்ல முடியும்?

இதுவரை சொன்னது எல்லாம் முதல் புயல் செத்துவிட்ட பிறகு மற்ற புயல்கள் எப்படி இருக்கும் என்பது பற்றி. தடுமாறும் புயலே திரும்பி வந்தால்? 1992-ஐ மறக்கக் கூடாது, குறிப்பாகப் புளோரிடாவில் இருப்பவர்கள்.

அந்த வருடம் ஆகஸ்ட் நடு வரை பெயர் வைக்க ஒரு புயல்கூட இல்லை. ஆகஸ்ட் 17 அன்றுதான் முதல் பெயர்: ஆண்ட்ரூ. எழுந்த வேகத்திலேயே அது திணற ஆரம்பித்தது. மேலடுக்கில் ஒரு தாழ்வு அதன் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 20 அன்று விமானம் போய் அளந்தபோது மையத்தில் அழுத்தம் 1015 மில்லிபார். புயலே இல்லாத ஒரு சாதாரண நாளில் கடல்மேல் இருக்கும் அழுத்தம் அது. அன்று அந்தப் படத்தைப் பார்த்த எவரும் இது முடிந்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். பிறகு மேலடுக்குத் தாழ்வு விலகியது, வடக்கே உயர் அழுத்தம் உட்கார்ந்தது, ஆண்ட்ரூ மேற்கே திரும்பிச் சூடான கடலுக்குள் வந்தது. 22-ஆம் தேதி ஹரிக்கேன். 23-ஆம் தேதி பஹாமாஸில் 5-ஆம் வகை. 24-ஆம் தேதி விடியற்காலை ஹோம்ஸ்டெட் பக்கம் கரையேறியபோது மைய அழுத்தம் 922 மில்லிபார், காற்று மணிக்கு சுமார் 270 கி.மீ. கோரல் கேபிள்ஸில் இருந்த தேசிய ஹரிக்கேன் மையத்தின் கூரையிலிருந்த ராடாரே பெயர்ந்து விழுந்தது. 1015-லிருந்து 922-க்கு நான்கே நாள். அந்த சீசனில் பெயர் பெற்றவை மொத்தம் ஆறு புயல்கள். முதல் புயல் தடுமாறியது உண்மை, சீசன் மந்தம் என்பதும் உண்மை. இரண்டு கணிப்பும் பலித்தும் தெற்கு மயாமி அழிந்தது.

ஹார்வியும் அப்படித்தான். 2017 ஆகஸ்ட் 19 அன்று கரீபியனில் அது வெறும் அலையாகக் கலைந்துவிட்டது, அதற்கான அறிக்கையே நிறுத்தப்பட்டுவிட்டது. நான்கு நாள் கழித்து மெக்ஸிகோ வளைகுடாவில் உயிர்த்தெழுந்து, டெக்சாஸில் சில இடங்களில் 1,500 மி.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம், சில நாள்களில். 2005-இன் கத்ரினாவுக்கும், கலைந்துபோன ஒரு தாழ்வு மண்டலத்தின் மிச்சத்தில் பங்கு உண்டு.

திரும்பி வராவிட்டாலும், பலவீனமான புயல் என்றால் ஆபத்து குறைந்த புயல் என்று அர்த்தம் இல்லை. வகை எண் காற்றை மட்டும்தான் அளக்கிறது. 2001 ஜூனில் வந்த ஆலிசன் கடைசி வரை ஹரிக்கேன் ஆகவே இல்லை. சீசனின் முதல் புயல். டெக்சாஸில் கரையேறி, போக வழி தெரியாமல் திரும்பி வந்து, சில இடங்களில் ஒரு மீட்டர் அளவு மழை கொட்டி ஹூஸ்டனை மூழ்கடித்தது. அங்குள்ள டெக்சாஸ் மருத்துவ மையத்தின் கீழ்த்தளங்களில் வெள்ளம் புகுந்து மின்சாரம் போய், நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியிருந்தது. ஹரிக்கேன் நிலையை எட்டாமலே பெயர் ஓய்வு பெற்ற (இனி எந்தப் புயலுக்கும் வைக்கப்படாத) முதல் அட்லாண்டிக் புயல் அதுதான். 2015 ஆகஸ்ட் 27 அன்று எரிக்கா, காற்று முறிவில் சிக்கி, மையம் ஒரு பக்கமும் மேகம் ஒரு பக்கமுமாகக் கிடந்த புயல். அந்த மேகக் குவியல் நின்ற இடம் டொமினிக்காவின் மலைகள். சுமார் 30 பேர் இறந்தார்கள். படத்தில் அலங்கோலமாகத் தெரிந்த புயல்தான் அது.

இன்னொன்று, வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: சீசன் எண்ணிக்கைக்கும் உங்கள் வாசலுக்கு வருவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. 2010-இல் 12 ஹரிக்கேன் வந்தும் அமெரிக்காவில் ஒன்றுகூட அந்தப் பலத்தோடு கரையேறவில்லை. 1983-இல் மொத்தமே நான்கு புயல்கள். அதில் ஆலிசியா ஹூஸ்டன் பக்கத்தில் 3-ஆம் வகையாக ஏறியது. பெர்முடா பக்கம் உட்காரும் உயர் அழுத்தம் அந்தந்த வாரம் எங்கே இருக்கிறது என்பதுதான் பாதையைத் தீர்மானிக்கும். அதை ஜூனில் யாராலும் சொல்ல முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நானாக இருந்தால் முதல் புயலைப் பார்க்கமாட்டேன். பசிபிக்கில் எல் நினோ எழுகிறதா, அதற்கு நேர் எதிராகக் கடல் குளிரும் லா நினா எழுகிறதா என்று பார்ப்பேன். கரீபியனுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் கடல் மேற்பரப்பு சராசரியைவிட எவ்வளவு சூடு என்று பார்ப்பேன். ஜூலையில் கரீபியன் மேல் வியாபாரக் காற்று பலமா, தளர்வா என்று பார்ப்பேன். தளர்வு என்றால் காற்று முறிவு குறையும், கடலும் கூடுதலாகச் சூடாகும். இந்த மூன்றையும் சேர்த்து அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வு நிறுவனமான நோவா ஆகஸ்ட் தொடக்கத்தில் புதுப்பித்த கணிப்பை வெளியிடும். மே மாதக் கணிப்பைவிட அது நம்பகமானது, ஏனென்றால் அதற்குள் பசிபிக் ஒரு முடிவுக்கு வந்திருக்கும். அப்போதும் அது சொல்வது முழு அட்லாண்டிக்கைப் பற்றித்தான், டாம்பாவைப் பற்றி அல்ல.

டாம்பாவைப் பொறுத்தவரை நீங்கள் செய்ய வேண்டியது எந்தக் கணிப்புக்கும் மாறாது. வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது என்று மாவட்ட இணையதளத்தில் பாருங்கள். ஏ முதல் இ வரை எழுத்து கொடுத்திருப்பார்கள், ஏ என்றால் முதலில் கிளம்ப வேண்டியவர்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்தை ஏற்காது. அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியாக வாங்க வேண்டும், அதுவும் பணம் கட்டிப் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். செப்டம்பர் 10-க்குள் அது கையில் இருக்க வேண்டும் என்றால் ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் கட்டிவிடுங்கள். வளைகுடாவில் புயல் பெயர் வாங்கிய பிறகு போனால், அந்தப் புயலுக்கு அது உதவாது.